அட்டை

பரணுக்குக் கீழே ஓர் ஏக்கர் கடல், சுற்றிவர வலை.
உள்ளே கடலட்டை,
பகலில் மணலுக்குள், இரவில் மேலே.
அதுகள் களவு போகாமல் பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம்.
என் அடையாள அட்டையில் தொழில் என்ற இடத்தில்
இன்னும் மாணவன் என்றுதான் கிடக்கிறது.
மூன்றாவது அட்டை இப்போது மடியில்:
கறுப்பு, ஒரு விரல் நீளம்,
வால் வைக்கவேண்டும்.

போன மாசி ஒண்டாரியோவிலிருந்து பொதி வந்தது.
பத்து முள்ளு, ஒரு சின்ன இடுக்கி,
கட்டி முடித்த மாதிரி ஒன்று.
கடிதம் இல்லை.
பதினொரு வருசமாக எமிலியானுசுக்கும் எனக்கும் கதையில்லை.
மாமியின் செத்தவீட்டுக்கு அவன் வரவில்லை.
ஏன் என்று நான் கேட்ட கேள்வி
கொஞ்சம் கூடிப்போச்சு.

பொதி வந்த இரவு போனில் குரல் மட்டும் வந்தது:
"உது ஏரியில ட்ரவுட்டுக்குக் கட்டுறது மச்சான்.
ஐஸ் உருகின கையோட நல்லா அடிக்கும்.
அங்க கொடுவா எடுக்குமோ தெரியாது.
கட்டிப் பார்."

முதல் வாலுக்கு ஆட்டுமயிர்.
தும்புத்தடி மாதிரி விறைத்து நின்றது.
இரண்டாவதுக்குக் கம்பளி நூல்,
நனைந்ததும் கல்.
பிறகு பிலோமினா வீட்டுக் கறுத்தச் சேவலைத் துரத்திப் பிடித்து
அடிவயிற்றில் ஒரு பிடி,
மூச்சு விட்டாலே எழும்பிப் படுக்கிற பஞ்சிறகு.
பாரத்துக்கு, எரிந்துபோன தண்ணிப்பம்பு மோட்டரின்
செம்புக்கம்பி பதினாறு சுற்று.
அதன்மேல் கறுப்பு நூல், நெருக்கி, நெருக்கி,
முடிச்சின்மேல் மகளின் கியூடெக்ஸ் ஒரு துளி,
வெங்காயத்தோல் நிறம்.

தண்ணிப்போத்தலுக்குள் இறக்கிப் பார்த்தேன்.
உடம்பு தாழ்ந்தது.
வால் தாழ மனமில்லாமல் பின்னால் வந்தது.

செவ்வாய் இரவு எனக்கு லீவு.
பண்ணைப் பாலத்துக்குக் கீழே வத்துத் தண்ணி இழுக்கிற நேரம்,
தங்கூசி சுற்றின பால்மாப் பேணியோடு போவேன்.
உயிர் இறால் கொளுவுகிறவர்கள் பார்த்தார்கள்.
"உதென்ன, தலைமயிரோ?" என்றான் றெக்ஸன்.
ஏழு செவ்வாய்.
ஆறாவதில் ஒரு பேத்தை வந்து
வாலை மட்டும் கத்தரித்துக்கொண்டு போனது.
அதையும் சொன்னேன் எமிலியானுசுக்கு.
சிரித்தான். எத்தனை வருசத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு.
"ஒரு சாண் இழு. நிப்பாட்டு. தாழ விடு.
நீ பறக்கிறாய் மச்சான்,
அட்டைக்கு அலுவல் ஒண்டும் இல்லை."

எட்டாவது இரவு
ஒரு சாண் இழுத்தேன், நிப்பாட்டினேன்.
பாலத்தின்மேல் கடைசி வேலணை பஸ் போனது.
தாழ விட்டேன்.
தங்கூசியில் ஒன்றும் இல்லை,
ஒன்றும் இல்லை,
பிறகு பேணி கையை விட்டுப் பாய்ந்து கல்லில் அடித்துக்கொண்டு ஓட
விரலை அறுத்தபடி நூல் போனது, போய்க்கொண்டே இருந்தது.

மூன்று கிலோ இருக்கும்.
ரோர்ச் வெளிச்சத்தில் கண் தணல்.
வயிற்றைக் கீறினேன்: நாலு இறால், ஒரு நண்டுக்கால்.
அட்டை எதுவும் இல்லை.
இந்தக் கடலில் எந்தக் கொடுவா அட்டை தின்று வளர்ந்தது?
இருட்டில் கறுப்பாய் ஒன்று அசைந்தது,
பிறகு அசையாமல் நின்றது.
அதற்குத்தான் வாய் திறந்திருக்கிறது.

படம் எடுத்து அனுப்பினேன்,
சொண்டில் செம்பு தெரிய, சிறகு பிய்ந்த அட்டையோடு.
அங்கே பகல்.
இரண்டு கோடும் நீலமாயின.
எழுதுகிறான் என்று காட்டியது.
நின்றது.
நான் மீனைச் சாக்கில் சுற்றினேன், விரலைச் சூப்பினேன்.
திரும்பவும் எழுதுகிறான்.
நின்றது.

மாமியைப் பற்றியாயிருக்கும்.
இல்லாவிட்டால் முள்ளு இன்னும் வேணுமோ என்று.

நான் இழுக்கவில்லை.